வாசனைக்கு பேக்கப் கிடையாது

நம்ம லிசனர்ஸ்ல பல பேருக்கு இப்போ கேண்டில் செய்யறது வீக்கெண்ட் வேலை ஆகிடுச்சு. "வாங்கி வெச்ச ஃபிராகிரன்ஸ் ஆயில் எத்தனை நாள் கெடாம இருக்கும்?" இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லிடலாம், கடைசியில சொல்றேன். ஆனா இந்தக் கேள்விக்கு 2,300 வருஷ வரலாறு இருக்கு. அதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல ஏதென்ஸ் போவோம். அரிஸ்டாட்டிலுக்கு அப்புறம் அவரோட பள்ளியை நடத்தினவர் தியோஃப்ராஸ்டஸ். வாசனைகளைப் பத்தி மட்டுமே ஒரு சின்ன நூல் எழுதியிருக்கார். அப்போ ஆல்கஹால் கலந்த பெர்ஃப்யூம் கிடையாது. பூ, வேர், பிசின் இதையெல்லாம் எண்ணெயில ஊற வெச்சு, வாசனையை எண்ணெய்க்குள்ள இறக்குவாங்க. நம்ம கேண்டில் ஆயிலுக்கு முப்பாட்டன்னு வெச்சுக்கலாம்.

அவர் சொல்றது இதுதான்: வெயிலும் சூடும் தைலத்தைக் கெடுத்துடும். அதனாலதான் தைலம் விக்கறவங்க வெயில் படாத அறையாப் பார்த்துப் பிடிக்கறாங்க. ஜாடிக்கு ஈயம், இல்லன்னா அலபாஸ்டர் கல். ரெண்டுமே குளிர்ச்சி, ரெண்டுமே வாசனையை வெளியே விடாது. கி.பி. முதல் நூற்றாண்டுல ரோம்ல பிளினியும் கிட்டத்தட்ட இதையேதான் எழுதறார்.

எத்தனை நாள் தாங்கும்னும் தியோஃப்ராஸ்டஸ் குறிச்சு வெச்சிருக்கார். பூவுல செஞ்ச தைலம் சீக்கிரம் தளர்ந்துடும், ஒரு வருஷம் தாண்டினா போச்சு. ஆனா ஒரு கடைக்காரர்கிட்ட எகிப்துத் தைலம் 8 வருஷமும், ஐரிஸ் வேர்த் தைலம் 20 வருஷமும் இருந்ததாம். புதுசை விட அதுதான் நல்லா இருக்குன்னு அவர் சொன்னாராம்.

கதை விடறார்னு தோணுதா? கெமிஸ்ட்ரி அவர் பக்கம்தான் இருக்கு. எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி வாசனைகள்ல லிமோனீன் நிறைய. அது காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து மாறிடும், கொஞ்ச நாள்ல பெயின்ட் கடை வாசம் அடிக்கும். சந்தனம், பச்சௌலி இதுல இருக்கறது பெரிய மூலக்கூறுகள். மெதுவாத்தான் ஆவியாகும், மெதுவாத்தான் மாறும். ஆக எதிரிங்க மூணு பேர்: காத்து, வெளிச்சம், சூடு. தியோஃப்ராஸ்டஸுக்கு ஆக்சிஜன் தெரியாது. ஆனா ஜாடியை எங்க வைக்கணும்னு தெரிஞ்சிருக்கு.

சரி, மூணு பேரையும் வெளியே நிறுத்திட்டா? அந்த டெஸ்ட்டும் நடந்திருக்கு, எகிப்துல. 1922-ல ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமன் கல்லறையைத் திறந்தார். பழங்காலத்துலயே அங்க திருடங்க புகுந்திருக்காங்க. கனமான கல் ஜாடியை விட்டுட்டு, உள்ள இருந்த தைலத்தை மட்டும் வழிச்சு தோல் பைகள்ல அள்ளிக்கிட்டுப் போயிருக்காங்க. ஜாடிக்குள்ள அவங்க விரல் தடம் அப்படியே இருந்துச்சு. ஒரு ராஜா கல்லறையில உயிரைப் பணயம் வெச்சுத் திருடற அளவுக்கு அது விலை உயர்ந்த சரக்கு.

மிச்சம் இருந்ததை ரெண்டு வேதியியலாளர்கள் ஆராய்ஞ்சு 1926-ல முடிவை வெளியிட்டாங்க. சுமார் 90% விலங்குக் கொழுப்பு, 10% பிசின் வகை. 3,200 வருஷத்துக்கு அப்புறமும் லேசா ஒரு வாசம் இருந்துச்சு. கார்ட்டருக்கு அது தேங்காய் எண்ணெயை ஞாபகப்படுத்துச்சாம். ஆனா துட்டன்காமன் காலத்துல அது எப்படி மணந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியல. தைலம் தப்பிச்சது, வாசனை தப்பிக்கல.

எனக்கு உறுத்தற இடம் இதுதான். பாட்டைப் பதிவு பண்ணலாம், போட்டோவை காப்பி எடுக்கலாம். வாசனைக்கு பேக்கப் கிடையாது.

கிட்ட வர்ற ஒரு முயற்சி பிரான்ஸ்ல இருக்கு. 1990-ல ஜான் கெர்லியோங்கற பெர்ஃப்யூமர் சக கலைஞர்களோட சேர்ந்து வெர்சாய்ல ஆஸ்மோதெக்னு ஒரு வாசனைக் காப்பகம் தொடங்கினார். அங்க பெர்ஃப்யூம்களை இருட்டுல, 12 டிகிரியில வைக்கறாங்க. பாட்டில்ல ஆக்சிஜன் இருக்கக்கூடாதுன்னு மேல ஆர்கான் வாயு நிரப்பறாங்க. அதே மூணு எதிரிங்கதான்!

அதுவும் நிரந்தரம் இல்லன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால மறைஞ்சுபோன பெர்ஃப்யூம்களைப் பழைய ஃபார்முலாவை வெச்சு மறுபடி செய்யறாங்க. 1882-ல வந்த ஃபூஜெர் ரொயால் அப்படித்தான் அங்க உயிரோட இருக்கு. எங்க பாஷையில சொன்னா, பாட்டில்ங்கறது பில்ட், ஃபார்முலாதான் சோர்ஸ் கோட். பில்ட் கெட்டாலும் சோர்ஸ் இருந்தா திரும்ப எழுப்பிடலாம்.

இப்போ அந்த ஒரு வரி பதில்: நல்லா வெச்சா, பொதுவா ஒரு வருஷம். சிட்ரஸ் வாசனையை முதல்ல காலி பண்ணுங்க. அடர் பழுப்புக் கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி, அடுப்பும் ஜன்னலும் இல்லாத அலமாரி. பாதி காலியானா சின்ன பாட்டிலுக்கு மாத்துங்க, உள்ள காத்து குறையும். வெனிலா ஆயில் பழுப்பாச்சுன்னா பயப்படாதீங்க, அது வெனிலின் குணம். மூக்கு என்ன சொல்லுதுன்னு பாருங்க.

கூடவே, நீங்களே கலந்த கலவை ஒண்ணு மனசுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா, எது எத்தனை கிராம்னு அன்னைக்கே எழுதி வைங்க. எண்ணெய் தீர்ந்து போனாலும் அந்தத் தாள் இருக்கும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.