பொன்கோட்டுக் கரையில் ஒரு தாமிர ஊர்

காட்சிலா. ஜார்கண்ட்ல சுவர்ணரேகா ஆத்தங்கரையில இருக்குற சின்ன ஊர். 'பதேர் பாஞ்சாலி' எழுதின விபூதிபூஷண் 1950-ல் இறந்தது இங்கேதான். வங்காளிகளுக்கு இது இலக்கிய ஊர். எனக்கென்னமோ இதோட நிஜ சரித்திரம் மண்ணுக்கு அடியிலதான் இருக்குன்னு தோணுது.

சுவர்ணரேகான்னா பொன்கோடு. பழங்குடிகள் ஆத்து மணலை அலசித் துளித்துளியா தங்கம் எடுத்தாங்க. வெள்ளைக்காரக் கம்பெனிக்குக் கண்ணு தாமிரத்து மேல. மொசாபனியில சுரங்கம், மௌபண்டாரில் உருக்காலை. 1972-ல் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. இந்துஸ்தான் காப்பர் கைக்குப் போச்சு. அதுக்கு முன்னாடியே, 1967-ல், பக்கத்து ஜாதுகோடாவில் நாட்டின் முதல் யுரேனியச் சுரங்கம்.

தாமிரம் கம்பியாச்சு, யுரேனியம் கரண்டாச்சு. அந்த மண்ணோட சந்தால், ஹோ மக்களைப் பத்தி நாம படிச்ச சரித்திரத்துல எத்தனை வரி இருந்துச்சு? சொல்லுங்க மக்களே.