கொடும்பையில் பிரியும் வழிகள்

மதுரைக்குச் செல்லும் வழி கொடும்பாளூரில் சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்று மாங்காட்டு மறையவன் கோவலனுக்கு உரைத்ததைச் சிலம்பில் படித்திருக்கிறோம். வலப்பக்கம் வேனிலில் காய்ந்த காடும் சிறுமலையும். இடப்பக்கம் திருமால்குன்றமும் மூன்று பொய்கைகளும். நடுவழியில் மயக்கும் தெய்வம். சொல்லால் வரைந்த வழிப்படம் அது. நீர் தேடிச் சென்ற இடத்திலன்றோ அத்தெய்வம் வயந்தமாலை வடிவில் கோவலன்முன் தோன்றியது!

மையால் வரைந்த படங்கள் மிகப் பிந்தியவை. 1794இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கினார். அதில் பயின்றோர் ஆதரவற்றோர் விடுதிச் சிறுவர்கள். அளவைச் சக்கரத்தை உருட்டிச் சாலைகளின் தூரத்தைக் கணக்கிட்டு, ஊரையும் ஏரியையும் ஆற்றையும் கையாலேயே வரைந்தார்கள். துல்லியத்தில் மறையவன் அவர்களுக்கு ஈடாகான். ஆனால், வெயிலில் சக்கரம் உருட்டிய அப்பிள்ளைகளுக்கு, அடுத்த பொய்கை எங்கே என்று முன்கூட்டிச் சொன்னவர் யார்?