களிமண்ணும் குருதியும்

விருத்தாசலம் பீங்கான் நகரம். மின்சாரப் பீங்கான்களும் பொம்மைகளும் வெந்து வெளிவரும் ஊர். சூளையிலே பாடுபடும் தோழரைக் கேட்டுப் பாருங்கள், தனிக் களிமண்ணை மட்டும் வனைந்து சுடுவாரா என்று. சுடமாட்டார். உலரும்போதே அது சுருங்கும், வெடிக்கும். குவார்ட்சுத் தூளும் பெல்ஸ்பார்த் தூளும் கலந்தால்தான் பண்டம் உறுதிப்படும்.

கலப்பின் பயனறிந்த அந்த ஊருக்கு அருகே புதுக்கூரைப்பேட்டை. 2003-ஆம் ஆண்டு மே திங்களில் முருகேசன் என்னும் பொறியியல் பட்டதாரி, கண்ணகியை மணந்தார். அவர் ஆதித்திராவிடர், கண்ணகி வன்னியர். சூலை 8-இல் இருவருக்கும் நஞ்சு புகட்டி, உடல்களை எரித்தனர். யார்? பெண்ணின் தந்தையும் உடன்பிறந்தவரும் உற்றாரும்!

இத்தகைய கொலைக்கு நியாயம் கற்பிப்போர் வாயில் எப்போதும் ஒரு சொல் உண்டு: குருதி. குலக்குருதி கெட்டுவிடுமாம்! அந்தக் குருதியைத்தான் சற்று ஆராய்வோம்.

வெள்ளையர் ஆட்சியில் ரிஸ்லி என்னும் அதிகாரி மூக்கின் அகலத்தை அளந்து சாதியின் உயர்வு தாழ்வைக் காண முனைந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த தர்ஸ்டனும் கருவியோடு அலைந்தார். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். பாவம், மூக்குகள் சாதிக்குக் கட்டுப்படவில்லை.

மூக்கை விட்டு மரபணுவுக்கு வந்தது அறிவியல். ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் ஆர்வர்டு அறிஞர்களும் 2013-இல் வெளியிட்ட முடிவு என்ன? ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்நாட்டில் பெருங்கலப்பு நடந்தது. இந்தியப் பெருநிலத்தில் ஆராய்ந்த குழுக்களில் அநேகமாக எல்லாமே, மேல் என்றதும் கீழ் என்றதும், அக்கலப்பின் பிள்ளைகள். அளவு வேறுபடலாம், கலவாதவர் இல்லை. அதற்குப் பின்னரே அகமணக் கதவு அடைபட்டது. தொன்மை கலப்புக்கு, பிந்தியது பூட்டு! அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916-இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் கூறினார். ஆய்வுக்கூடம் அவர் பின்னே வந்து சேர நூறாண்டு ஆயிற்று.

அடைத்த கதவு என்ன தந்தது? சிலரிலிருந்து பெருகிய குழு தனக்குள்ளேயே மணந்தால், முன்னோர் ஒருவரின் பழுதுற்ற மரபணு தாய்வழியும் தந்தைவழியும் ஒரே குழந்தையை வந்தடைகிறது. ஆந்திர வைசியர் சிலருக்கு, அறுவைக்குமுன் தசை தளர்த்தத் தரும் ஒரு மருந்து சில நிமிடங்களில் நீங்குவதற்கு மாறாக மணிக்கணக்கில் நீடிக்கிறது. தாமாக மூச்சுவிட இயலாது, கருவிதான் காக்க வேண்டும். 2017-இல் வந்த ஆய்வு இத்தகைய இறுக்கமுள்ள குழுக்கள் 81 எனக் கண்டது. நாமும் நம் வீட்டைப் பார்க்கவேண்டும்: அக்காள் மகளை மணக்கும் வழக்கம் இந்த இடரை மேலும் பெருக்குகிறது. சொத்து வெளியே போகாதாம். நோயும் வெளியே போகாது!

புதுக்கூரைப்பேட்டை வழக்கில் கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021 செப்டம்பரில். கொலை நடந்து 18 ஆண்டுகளுக்குப் பின். உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2025 ஏப்ரலில். தண்டிக்கப்பட்டோரில் காவல்துறையினரும் உண்டு.