படத்தில் விழாத விமானம்

பத்திரிகையில் ஒரு போர் விமானத்தின் படம் வருகிறது. கீழே மேகங்கள் பஞ்சுப் பொதிகளாகக் கிடக்கின்றன. விமானத்தின் முதுகு வெயிலில் பளபளக்கிறது. ஓட்டியின் தலைக்கவசம்கூடத் தெரிகிறது. "ஆகா, என்ன அழகு!" என்று சொல்லிவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டி விடுகிறோம்.

ஒரு நிமிஷம் நின்று யோசித்தால் ஒரு கேள்வி எழும். தரையில் நிற்கிறவர்களுக்கு விமானத்தின் வயிறுதானே தெரியும்? மூங்கில்துறைப்பட்டில் தென்பெண்ணைக் கரையோரம் கரும்பு வெட்டுகிறவர் அண்ணாந்து பார்த்தாலும் சரி, சென்னைக் கடற்கரை மணலில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தாலும் சரி, தெரிவது வயிறுதான். அப்படியானால் முதுகைப் படம் பிடித்தவர் எங்கே இருந்தார்?

இன்னொரு விமானத்தில் இருந்தார். அப்படிப்பட்ட படம் ஒவ்வொன்றிலும் இரண்டு விமானங்கள் உண்டு. ஒன்று படத்தில் விழுந்தது. மற்றொன்று விழாதது. விழாத விமானத்தின் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

சென்னைக்கும் விமான வேடிக்கைக்கும் உள்ள உறவு பழையது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜாகொமோ டி ஆஞ்செலிஸ் என்பவர் 1910-ஆம் ஆண்டிலேயே பல்லாவரத்தில் விமானம் ஏறிப் பறந்து காட்டினார். ஊரே வாய் பிளந்து நின்றது. ஆனால் அந்த விமானத்தை ஆகாயத்திலிருந்து படம் பிடிக்க வேண்டுமென்றால், ஏறிச் செல்ல இரண்டாவது விமானத்துக்கு எங்கே போவது? காமிராக்காரரும் ஜனங்களோடு ஜனங்களாகத் தரையில்தான் நின்றாக வேண்டும்.

பிறகு விமானங்கள் பெருகின. இங்கிலாந்தில் சார்லஸ் பிரவுன் என்ற புகைப்படக்காரர் இந்தக் கலைக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார். பறக்கும் விமானத்தில் இருந்துகொண்டு, காற்று முகத்தில் அறைய, பக்கத்தில் வரும் விமானத்தைப் படம் பிடிப்பார். இன்று போல ஒரு நொடியில் பத்துப் படம் எடுக்கும் வசதி அந்நாளில் இல்லை. ஒரு தட்டு வீணானால் ஒரு சந்தர்ப்பம் வீண்.

இதில் உள்ள சிரமம் காமிராவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. காமிரா ஏறும் விமானம் பெரும்பாலும் சரக்கு விமானமாக இருக்கும். பின்புறக் கதவைத் திறந்து வைத்து, படம் எடுப்பவரை வாரால் கட்டிப் போடுவார்கள். அது மெதுவாகப் பறக்கும். போர் விமானமோ மெதுவாகப் பறக்கப் பிறந்ததல்ல. வேகத்தைக் குறைக்கக் குறைய, அது மூக்கைத் தூக்கிக்கொண்டு தத்தளிக்கும். இரண்டு வேகமும் ஓரிடத்தில் பொருந்த வேண்டும். வெயில் காமிராவின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். சுழல்விசிறி உள்ள விமானமானால், காமிராவின் கதவைச் சற்று நிதானமாகத் திறந்து மூட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் விசிறி நின்றுபோனது போலப் படத்தில் தெரியும். விமானம் இதோ விழப் போகிறது என்று பார்க்கிறவர் நினைப்பார்!

எல்லாவற்றுக்கும் மேலாக, விமானங்கள் நெருங்கி வர வேண்டும். நெருங்கினால்தான் படம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

1966-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகத்தில் பறக்க வல்ல 'வால்கிரி' என்ற ஆறு எஞ்சின் விமானம் அங்கே இருந்தது. உலகத்தில் அந்த ஜாதியில் இருந்தவை இரண்டே இரண்டு. அதன் எஞ்சின்களைச் செய்தது ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி. தங்கள் எஞ்சின் பூட்டிய ஐந்து வகை விமானங்கள் ஒரே அணியாகப் பறப்பது போல ஒரு படம் வேண்டுமென்று கம்பெனிக்கு ஆசை. வால்கிரி நடுவில், சிறிய விமானங்கள் இருபுறமும். லியர்ஜெட் என்ற சிறு ஜெட் விமானத்தில் காமிரா.

வால்கிரியின் வலப்பக்க இறக்கை ஓரமாகப் பறந்தவர் ஜோ வாக்கர். சாமானியரல்லர். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 1963-ல், எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தில் 100 கிலோமீட்டருக்கு மேல் உயரே போய் வந்தவர். வால்கிரிக்குள் இருந்தவர்கள் ஆல் ஒயிட்டும் கார்ல் கிராஸும். கிராஸுக்கு அந்த விமானத்தில் அதுதான் முதல் பயணம்.

அரை மணிக்கு மேல் ஐந்து விமானங்களும் ஒன்றையொன்று ஒட்டிப் பறந்தன. படங்கள் நன்றாகவே வந்தன. எல்லாம் முடியப் போகிற சமயத்தில் வாக்கரின் விமானம் வால்கிரியின் இறக்கை நுனியைத் தொட்டது. பெரிய விமானத்தின் இறக்கை நுனியில் காற்று சுழி போலச் சுழலும். அந்தச் சுழி வாக்கரின் விமானத்தைப் புரட்டி வால்கிரியின் முதுகின்மேல் வீசியது. வால்கிரியின் வால் துடுப்புகள் பிய்ந்து போயின. வாக்கர் அங்கேயே மாண்டார். வால்கிரி சில விநாடிகள் ஒன்றும் நடக்காதது போல நேராகப் பறந்தது. பிறகு புரண்டு, சுழன்று, பாலைவனத்தில் விழுந்தது. ஒயிட் பலத்த காயத்தோடு தப்பினார். கிராஸால் வெளியேற முடியவில்லை.

யுத்தத்தில் சாகவில்லை, விஞ்ஞான சோதனையில் சாகவில்லை, ஒரு படத்துக்காக இரண்டு பேர் செத்தார்கள். மேலிடத்தில் முறையாக அனுமதி வாங்காமலே படப்பிடிப்பு நடந்தது என்று விசாரணையில் தெரிய வந்தது. அதிகாரிகள் சிலர் கண்டிக்கப்பட்டார்கள். மிஞ்சிய ஒரே வால்கிரி ஒஹையோவில் டேட்டன் நகரத்துக் காட்சிசாலையில் நிற்கிறது. விபத்துக்கு முன் எடுத்த அந்த அணிவகுப்புப் படம் இன்றும் கிடைக்கிறது. நீல வானத்தில் ஐந்து விமானங்கள், அத்தனை அழகு. அடுத்து நடந்ததைத் தெரிந்துகொண்டவர்களால் அதை வெறும் அழகாகப் பார்க்க முடிவதில்லை.

இந்தத் தொழிலில் பழுத்தவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். புறப்படுமுன் எல்லோரும் கூடி உட்கார்ந்து, யார் எங்கே, எத்தனை தூரத்தில் என்று பேசி முடித்துவிட வேண்டும். மேலே போன பின் புது யோசனை கூடாது. படம் எடுப்பவர் தலைவர் அல்லர். விமான ஓட்டியே தலைவர். யாருக்குச் சந்தேகம் தோன்றினாலும் "போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்ன மாத்திரத்தில் எல்லோரும் விலகிவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு படம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

நம் நாட்டிலும் படத்தில் விழாத விமானத்துக்கு ஒரு காலம் வந்தது. 2022-ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று டெல்லியில் 75 விமானங்கள் பறந்தன. அவற்றின் உள்ளிருந்து எடுத்த காட்சிகளை விமானப்படையும் தூர்தர்ஷனும் சேர்ந்து முதல் தடவையாக ஜனங்களுக்குக் காட்டின. பக்கத்து இறக்கை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல வீட்டுக்குள் உட்கார்ந்தே பார்த்தோம்.

ஆனால் சென்னைக்காரர்களுக்கு வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது போதவில்லை. விமானப்படையின் 92-ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி ஞாயிறன்று மெரினாவில் வான் சாகசம். 72 விமானங்கள், ரஃபேல், தேஜஸ், பழைய டகோட்டா என்று கண்கொள்ளாக் காட்சி. கூடியவர்கள் சுமார் 15 லட்சம் என்று பத்திரிகைகள் எழுதின. உச்சி வெயில், குடிக்கத் தண்ணீருக்கும் வீடு திரும்ப ரயிலுக்கும் ஜனங்கள் அல்லாடினார்கள். அன்று ஐந்து பேர் உயிரிழந்தார்கள்.

மேலே பறந்தவர்கள் ஒவ்வோர் அடியையும் நாள் கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஒரு விமானத்துக்கும் ஒரு கீறல் விழவில்லை. கீழே நின்றவர்கள் வீடு திரும்பும் வழிக்கு அத்தனை ஒத்திகை நடந்திருந்தால்? "போதும், இனிக் கூட்டம் தாங்காது" என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் இருந்திருந்தால்?

எட்வர்ட்ஸில் ஆபத்து ஆகாயத்தில் இருந்தது. மெரினாவில் தரையில் இருந்தது. இரண்டு இடத்திலும் எல்லோருடைய கண்ணும் வேறு எங்கோ இருந்தது. அழகான படத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் தப்பே இல்லை. அதை எடுக்க ஒருவர் எங்கே இருந்தார், அவரோடு யார் யார் இருந்தார்கள், அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்றும் ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும். விமான ஓட்டிகள் உயிரைக் கொடுத்துக் கற்ற அந்த "போதும்" என்ற சொல், ஜனங்களைக் கூட்டுகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான்.