பனிநாடு சென்ற கோழி

சிலாங்கூர்ச் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய காட்டோரங்களில் வைகறைப் பொழுதில் ஒரு கூவல் கேட்கும். வீட்டுச் சேவலின் கூவலே போன்றது. ஆனால் இறுதியில் நீளாமல் சட்டென அறுந்துவிடும். மலாய்க்காரர் 'ஆயாம் ஊத்தான்' என வழங்கும் செங்காட்டுக்கோழியின் குரல் அது. வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை இப்பறவையே என்று 1868-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் டார்வின் முடிவு கூறினார். 2020-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி, அதன் ஐந்து உள்ளினங்களுள் ஒன்றைச் சிறப்பாகச் சுட்டியது. அவ்வுள்ளினம் தென்மேற்குச் சீனம் தொடங்கி மலாயாத் தீபகற்பம் வரை பரவியுள்ளது. வீட்டுக்கோழி தோன்றியது அப்பரப்பின் வடபகுதியில் என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. ஆதலின் மலாயாவே கோழியின் பிறப்பிடம் என்று பெருமை கொள்வதற்கில்லை. உறவு மட்டும் மெய்.

இவ்வெப்பநாட்டுப் பறவை பனி உறையும் நாடுகளில் எங்ஙனம் வாழலாயிற்று என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகளே, ஐயத்திற்கிடமின்றிக் கோழியுடையவை எனக் கொள்ளப்படுவனவற்றுள் மிகப் பழையவை என 2022-இல் அறிஞர் அறிவித்தனர். அவற்றின் காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது. மத்தியதரைக் கடற்கரையை அப்பறவை அடைந்தது கி.மு. 800 அளவில். ஆயினும் ஸ்காட்லாந்து, ஸ்காண்டிநேவியா, ஐஸ்லாந்து முதலிய குளிர்நாடுகளில் அது நிலைபெற மேலும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிடித்தது.

இத்துணைத் தாமதம் ஏன்? தோட்ட லயங்களிலும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் நம் பெண்டிர் கோழி அடைவைத்த முறையை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். இருட்டான மூலையில் பழைய கூடை. அதில் உலர்ந்த புல்லும் கந்தலும். மேலே பத்துப் பன்னிரண்டு முட்டை. இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைப்பர். (இடிக்கும் இரும்புக்கும் தொடர்பு காண்பது அரிது, எனினும் கிள்ளான் பள்ளத்தாக்கின் இடிமழையை அறிந்தவர் அவ்வச்சத்தை நகைக்கமாட்டார்.) 21-ஆம் நாள் குஞ்சு வெளிவரும். முதல் வாரத்தில் அதற்கு ஏறத்தாழ 35 பாகை வெப்பம் வேண்டும். அதன் மென்தூவி உடற்சூட்டைக் காக்கவல்லதன்று. கோலாலம்பூரின் நண்பகல் வெப்பம் 32, 33 பாகை. இரவிலும் அது மிகுதியாக இறங்குவதில்லை. எஞ்சிய குறையைத் தாயின் சிறகு நிறைத்துவிடும். வேறு ஏற்பாடு எதற்கு?

பனிநாட்டிலோ, தாய் இரை தேட எழுந்த சிறு பொழுதிலேயே முட்டை குளிர்ந்துவிடும், குஞ்சு விறைத்துப்போகும். இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம். அங்கே மாரிக்காலப் பகல் எட்டு மணிக்கும் குறையும். பகல் குறுகினால் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். சேவலின் உயர்ந்த கொண்டையும் தொங்கும் தாடியும் பனியில் உறைந்து கருகும்.

வெப்பக் குறையைப் போக்கக் கருவிகள் வந்தன. 1881-இல் இங்கிலாந்தில் ஹியர்சன் என்பவர் அமைத்த அடைகாக்கும் பெட்டியில், சூடு மிகுந்தால் ஒரு சிமிழுக்குள் உள்ள நீர்மம் ஆவியாகி விரிந்து, வெப்பம் வெளியேறும் வழியைத் திறந்துவிடும். சூட்டைக் காக்க ஆள் விழித்திருக்க வேண்டுவதில்லை. பின்னாளில் மின்விளக்கு வந்து பகலையும் நீட்டியது.

கொண்டையைக் கருவியால் மாற்ற முடியாதன்றோ? கனடாவின் கியூபெக் மாநிலத்து ஓக்கா மடத்தில் வாழ்ந்த வில்பிரிட் என்னும் துறவி, இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மேற்கொண்டார். பல இனங்களைக் கலந்து, தலையோடு ஒட்டிய சிறு கொண்டையும் மிகச் சிறிய தாடியும் உடைய 'சாண்ட்கிளேர்' என்னும் இனத்தை உருவாக்கி 1918-இல் உலகுக்குக் காட்டினார். 1921-இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றது.

அவர் கலந்தவற்றுள் ஒன்று கார்னிஷ். கார்னிஷின் முன்னோரோ இந்தியச் சண்டைக்கோழியாகிய அசீலும், 1830 அளவில் இங்கிலாந்து சென்று மலாயாவின் பெயரையே தாங்கிய உயர்ந்த மலாய்க்கோழியும் ஆவர். அவ்விரண்டின் கொண்டையும் குறுகியவை. அசீலினுடையது 'பட்டாணிக் கொண்டை' எனப்படும்; இக்கொண்டை மெண்டலின் விதிப்படியே தலைமுறைதோறும் இறங்குவதை பேட்சன் 1902-இல் மெய்ப்பித்தார். பனியை வெல்லத் தேடிய கொண்டை வெப்பநாட்டுக் கோழியிடமே இருந்தது!

அதன் மஞ்சள் தோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குரிய மரபணு செங்காட்டுக்கோழியினின்று வந்ததன்று. தென்னிந்திய மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியினின்று வந்தது என 2008-இல் கண்டறிந்தனர். டார்வின் கூற்று இவ்வளவில் திருத்தம் பெற்றது.

கார்னிஷ் குருதி இன்று கிள்ளான் சந்தையில் விற்கும் வெள்ளை இறைச்சிக்கோழியிலும் ஓடுகிறது. பொறிக்கூடத்திலிருந்து வரும் அக்குஞ்சுகளுக்குத் தாய் இல்லை. ஆகையால், அடைக்கோழிக்கு வேறு சூடே வேண்டியிராத இவ்வூரிலும், முதல் நாள்களில் அவற்றுக்கு விளக்கேற்றிச் சூடு காட்டுகின்றனர்.