லைம் ரீஜிஸின் ‘காப்’: ஒரு கற்சுவரின் கதை

1867இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூருக்குக் கவிஞர் டெனிசன் வந்தார். 1685இல் மான்மத் கோமகன் கலகப் படையோடு கரையிறங்கிய இடத்தை ஊரார் காட்ட முற்பட, அவரோ லூயிசா மஸ்குரோவ் விழுந்த படிகளைக் காட்டுங்கள் என்றாராம். லூயிசா, ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலில் வரும் கற்பனைப் பெண்.

அன்று முதல் இலக்கிய அன்பர்கள் படிகளையே தேடுகிறார்கள்; படிகளைத் தாங்கும் சுவரை நின்று பார்ப்பவர் குறைவு. ‘காப்’ என்பது அதன் பெயர். இயற்கைத் துறைமுகம் இல்லாத ஊரில், தென்மேற்கு அலைகளிலிருந்து படகுகளைக் காக்க எழுந்த வளைந்த அலைதடுப்புச் சுவர் அது. நம் செய்தித்தாள்களில் ‘தூண்டில் வளைவு’ என்று எழுதுகிறார்களே, அது பெரும்பாலும் மண்ணரிப்பைத் தடுக்கப் போடுவது. ஆயினும் வடிவத்தைக் கருதினால் அந்த அழகிய சொல் காப்புக்கும் பொருந்தும்.

இச்சுவரைப் பற்றிய முதற்பதிவே ஒரு சேதப் பதிவுதான். புயலால் அது பழுதுற்றதை 1328ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று கூறுகிறது. 1377இல் கடல் அதை அடியோடு கொண்டுபோயிற்று. 50 படகுகளும் 80 வீடுகளும் அழிந்தன. ஊரார் மீண்டும் கட்டினர். கருவாலி மரத்தூண்களைக் கடலடியில் அறைந்து, இடையே பாறைகளை அடுக்குவதே பழைய முறை. வெற்றுப் பீப்பாய்களுக்கு நடுவே பாறையைக் கட்டி, மிதக்கவிட்டே உரிய இடத்துக்குக் கொண்டுசென்றார்களாம்.

உளி படாத கற்கள், சாந்து இல்லை, இடுக்குகள் வழியே அலை புகுந்து வெளியேறுகிறது என்று 1685ஆம் ஆண்டுக் குறிப்பொன்று வியக்கிறது. வியப்பில் நியாயமுண்டு. இடுக்குகளில் புகும் அலை அங்கேயே தன் வேகத்தை இழக்கும். இன்று துறைமுகங்களில் நாற்கால் கான்கிரீட் கட்டைகளைக் கொட்டி வைப்பதும் இதே தத்துவத்தில்தான். ஆனால் மரம் மக்கும், கல் நகரும்; செப்பனிடும் செலவு ஓயாது. கப்பல்களிடம் பெற்ற தீர்வை போதாமல், ‘காப் ஏல்’ என்று ஆண்டுதோறும் ஒரு மதுவிழா நடத்திப் பணம் திரட்டினார்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூய்மைவாதிகளின் எதிர்ப்பால் அது நின்றுபோயிற்று.

1756இல்தான் சுவர் நிலத்தோடு இணைந்தது. 1792 ஜனவரியில் மறுபடி உடைந்தது. ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஒப்பந்தக்காரர் டார்சி என்ற பொறியாளரின் மேற்பார்வையில் அந்த உடைப்பைச் சரிசெய்ததை 1795ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கேயே சொல்கிறது. சாந்து முதன்முதலாகப் பயன்பட்டது இந்தத் திருப்பணியில்தான் என்பர்.

ஆஸ்டின் 1804இல் உலாவியது இவ்வாறு புதிதாய்ச் செப்பனிட்ட சுவரின் மீது. நாவல் 1817 இறுதியில், அவர் மறைந்த பின் வெளிவந்தது. 1824 நவம்பர்ப் பெரும்புயல் சுவரை மீண்டும் சிதைக்க, போர்ட்லண்ட் கல் கொண்டு பெரும்பகுதியைப் புதுப்பித்தார்கள். ஆகவே டெனிசன் கண்டதும், இன்று பயணிகள் நடப்பதும் ஆஸ்டின் கண்ட சுவரை முழுதாக ஒத்தவை அல்ல. ‘பாட்டியின் பற்கள்’ என்று ஊரார் அழைக்கும், சுவரிலிருந்து துருத்திநிற்கும் கற்படிகளைத்தான் பலரும் லூயிசாவின் படிகளென்று படமெடுத்துச் செல்கிறார்கள். மாலுமிகளே தயங்கி இறங்கும் அக்கற்களில், நாவலில் வரும் நாகரிகப் பெண்கள் அத்தனை எளிதாக இறங்கியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.