கீயா: ஒரு அலகுக்கு என்ன விலை?

கிளின்னா நமக்குக் கொய்யா மரமும் ஜோசியக்காரர் கூண்டும்தான் ஞாபகம் வரும். இன்னைக்கு நாம பார்க்கப்போற கிளி பனியில உருண்டு விளையாடும். காரோட ரப்பரைப் பிச்சு எடுக்கும். நியூசிலாந்தோட தென் தீவு மலைகள்ல மட்டுமே வாழுற இந்தக் கிளியோட பேர் கீயா. "கீ...யா"ன்னு கத்துறதால மாவோரி மக்கள் வச்ச பேர் அது. உடம்பு ஆலிவ் பச்சை, இறக்கைக்கு அடியில தீ மாதிரி ஆரஞ்சு.

நான் இதுக்குள்ள வந்தது ஒரு வீடியோ பார்த்துதான். மில்ஃபோர்டு சாலையில இருக்கிற ஹோமர் சுரங்கப்பாதை பக்கத்துல, கீயாக்கள் டிராஃபிக் கோன்களை இழுத்துட்டுப் போயிருக்கு. அதுங்க கவனத்தைத் திருப்ப, ரோட்டோரமா விளையாட்டுச் சாமான்களே வச்சாங்க. சிரிச்சுக்கிட்டே தேடப்போனேன். கிடைச்ச வரலாறு சிரிக்கிற மாதிரி இல்ல.

கதை 19ஆம் நூற்றாண்டுல ஆரம்பிக்குது. வௌவால்களைத் தவிர நிலத்துல வாழுற பூர்வீகப் பாலூட்டியே இல்லாத மலைகளுக்குக் குடியேறிகள் ஆடுகளை ஓட்டிட்டு வந்தாங்க. 1860களோட கடைசியில ஆடுகளோட முதுகுல விசித்திரமான காயங்கள் தெரிய ஆரம்பிச்சது. ஆட்டு முதுகுல உட்கார்ந்து, தோலைக் கிழிச்சு, உள்ள இருக்கிற கொழுப்பைக் கீயா தின்னுதுன்னு மேய்ப்பர்கள் சொன்னாங்க. அந்தக் காயத்துல கிருமி பரவி ஆடு செத்துப்போகும். அவங்களுக்கு அது உண்மையான நஷ்டம், அதை நாம லேசா எடுத்துக்கக் கூடாது.

தீர்வா வந்தது வெகுமதி. கீயாவைக் கொன்னு அலகைக் கொண்டு வா, காசு வாங்கிட்டுப் போ. இங்கதான் எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் முழிச்சுக்கிட்டான். அலகைப் பார்த்து, அந்தப் பறவை ஆட்டைத் தொட்டுச்சா இல்லையான்னு சொல்ல முடியுமா? முடியாது. எந்த ஃபைல்ல பக் இருக்குன்னு பார்க்காம மொத்த ப்ராஜெக்ட்டையும் டெலீட் பண்றது மாதிரிதான் இது. சுமார் நூறு வருஷத்துல ஏறக்குறைய 1,50,000 கீயாக்கள் கொல்லப்பட்டதா மதிப்பிடுறாங்க.

இதுல ரொம்ப வலிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. கீயாவுக்கு மனுஷங்களைக் கண்டா பயம் கம்மி, புதுசா எதைப் பார்த்தாலும் கிட்ட வந்து நோண்டும். துப்பாக்கியோட நிக்கிற ஆளுக்கு அது எவ்வளவு சுலபமான இலக்கு!

கீயா உண்மையிலேயே ஆட்டைத் தாக்குதான்னு பல வருஷம் சண்டை நடந்தது. செத்த ஆட்டைத்தான் தின்னுதுன்னு ஒரு கூட்டம் வாதாடிச்சு. 1990களோட ஆரம்பத்துல ராத்திரியில எடுத்த படம் அதைத் தீர்த்து வச்சது. ஆமா, தாக்குது. ஆனா சில கீயாக்கள்தான். அந்தப் படம் வர்றதுக்கு முன்னாடியே, 1970 வாக்குல வெகுமதி நின்னு, 1986ல முழுப் பாதுகாப்பும் வந்துடுச்சு.

இன்னைக்குக் காட்டுல 3,000லேர்ந்து 7,000 வரைக்கும்தான் இருக்கலாம்னு கணக்கு. துப்பாக்கி போயிடுச்சு, ஆனா ஆபத்து போகல. கீயா தரைக்கு அடியில, வேருக்கும் பாறைக்கும் நடுவுல கூடு கட்டும். முட்டையிலேர்ந்து குஞ்சு பறந்து போறதுக்கு சுமார் நாலு மாசம் ஆகும். மனுஷங்க கொண்டு வந்து விட்ட ஸ்டோட்ங்கிற கீரி மாதிரி விலங்குக்கு அது போதுமான நேரம். இன்னொண்ணு, பழைய மலைக் குடில்களோட கூரையில இருக்கிற ஈய ஆணித் தலைகள். ஈயம் லேசா இனிக்கும். கீயா கடிச்சுப் பார்க்கும், விஷம் உடம்புல ஏறிடும். அந்த ஆணிகளை ஒவ்வொண்ணா மாத்துற வேலை இப்போ நடந்துட்டு இருக்கு.

கீயாவைப் பார்க்கப் போறவங்களுக்கு அங்க சொல்ற முக்கியமான விதி, சாப்பாடு போடாதீங்கங்கிறதுதான். பாசத்துல ஒரு சிப்ஸ் நீட்டினாலும், ரோட்டுக்கும் கூரைக்கும் அதைப் பழக்குறது நாமதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!